அரையாண்டு வரைக்கும் கலெக்டர்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினால் கலெக்டர் ஆகிவிடலாம் என்று நான் நம்பினேன். அதற்கென்று தனியாகப் பரீட்சை எழுதி, தேறி, பயிற்சிக்குப் போய் என்றெல்லாம் இல்லை. கல்லூரியில் கடைசித் தேர்வு எழுதிய மை காய்வதற்குள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும் என்று நம்பினேன். பாளையம்பட்டியில் எங்கள் தெரு குறுகலானது. ஜீப் திரும்ப இடம் போதுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலடி வைத்து அளந்து பார்த்தேன். போதவில்லை. அப்பா மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர். கடை வாசலில் கிடந்த புண்ணாக்கு மூட்டைகளை உள்ளே தள்ளிப் போட்டால் நல்லது என்று அவரிடம் சொன்னேன்.

"எதுக்குலே?"

சொன்னேன்.

"ஜீப்பு வரட்டும். மூடைய நானே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன்" என்றார்.

கல்லூரி, அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் ரோட்டில் இருந்தது. தாளாளருக்கு ஒரு நூல் மில் உண்டு. மில்லுக்குத் தேவைப்படாமல் போன ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடித்து, அதில் நாட்டின் எதிர்கால நிர்வாகிகளை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். ஜன்னல் கம்பிகளில் பழைய பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் காற்றடித்தால் எதிர்கால நிர்வாகிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் தும்முவோம்.

எங்கள் இயக்குநர் துணை ஆட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியும். அவருக்கு யாரும் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை போலும். எதுவாக இருந்தாலும் கோப்பில் வர வேண்டும் என்பார். என் நண்பன் ஒருவன் வயிற்றுப்போக்குக்கு ஒருநாள் விடுப்புக் கேட்டு எழுதினான். அது வகுப்புப் பிரதிநிதி, உதவிப் பேராசிரியர், அலுவலகக் கண்காணிப்பாளர் என்று படிப்படியாக ஏறி, அவன் குணமாகி வந்து மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, 'பேசவும்' என்ற குறிப்போடு இறங்கி வந்தது. நேரில் வந்து விளக்கு என்று அர்த்தம். அவனும் போய் விளக்கினான். எவ்வளவு விவரமாக விளக்கினான் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

படிப்பின் சிகரம் வியாழக்கிழமை. மாவட்டத் தலைநகரத்தில் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் உட்கார்ந்து மக்களிடம் மனு வாங்குவார் அல்லவா, அதற்கு எங்கள் கல்லூரியில் வியாழக்கிழமை ஒத்திகை. வாரம் ஒருவன் கலெக்டர், ஒருவன் தாசில்தார், மற்றவர்கள் பொதுமக்கள். ஒருவன் பட்டா கேட்பான். இன்னொருவன் அது என் நிலம் என்று மல்லுக்கு நிற்பான். முதியோர் உதவித்தொகை கேட்டு இருபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே வருவார். இருமல் மட்டும் பஞ்சு உபயத்தில் நிஜமாக இருக்கும்.

மனு வாங்கியதும் சொல்ல வேண்டிய வாக்கியங்களை இயக்குநர் எங்களுக்குப் பாடமாக நடத்தியிருந்தார். 'ஆவன செய்யப்படும்.' 'உரிய அலுவலருக்கு அனுப்பப்படும்.' 'பரிசீலனையில் உள்ளது.' இவற்றைக் கருணையாக ஒரு தடவை, கண்டிப்பாக ஒரு தடவை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை சொல்லப் பழக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லு, எப்போது என்று மட்டும் சொல்லாதே. "தேதி சொன்ன அதிகாரியும் உருப்பட்டதில்லை, தேதி கேட்ட மனுதாரரும் உருப்பட்டதில்லை" என்பார்.

நான் கலெக்டரான வியாழக்கிழமை வந்தது. அண்ணனுடைய கல்யாணப் பேண்ட்டை இடுப்பில் ஊக்குக் குத்தி மாட்டிக்கொண்டேன். அந்த வாரம் பார்த்து வகுப்பறைச் சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததால் ஆணி அடிக்கக் கூடாது என்று தாளாளர் உத்தரவு. 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்ற பேனரை எங்கே கட்டுவது? தாசில்தாராக இருந்த என் நண்பன் யோசித்து, ரோட்டைப் பார்த்த மாதிரி கேட்டில் கட்டினான். தாளாளர் வீட்டு விசேஷத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்காமல் வாசலில் நின்றது. மேசை நாற்காலியை அதற்கடியில் இழுத்துப் போட்டோம். எதிரே பஸ் ஸ்டாப். நிர்வாகத்தில் இடத் தேர்வு முக்கியம் என்று அந்தப் பருவத்தில்தான் எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது.

தொடங்கும் முன் இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்றைக்கு ஒரு கடினமான மனுதாரரை ஏற்பாடு செய்திருக்கிறேன். நிதானம் இழக்கக் கூடாது" என்று எச்சரித்துவிட்டு உள்ளே போய், ஜன்னல் வழியாகப் பார்க்க உட்கார்ந்தார்.

பட்டா வந்தது. பட்டாவின் எதிரி வந்தது. கிழவர் இருமிப் போனார். அப்புறம் ரோட்டைத் தாண்டி ஒரு பெண்மணி வந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை. பின்னால் வெள்ளை வேட்டியில் அவர் கணவர், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. இதுதான் இயக்குநரின் ஏற்பாடு என்று உடனே புரிந்துகொண்டேன். என் அறிவு அப்படி. நடிகையை நன்றாகத்தான் பிடித்திருக்கிறார், வேஷம்தான் சரியில்லை, குறை சொல்ல வருகிறவருக்கு யாராவது பட்டுச்சேலை கட்டி அனுப்புவார்களா என்றுகூட மனசுக்குள் மதிப்பெண் குறைத்தேன்.

"ஐயா, மனு எழுதிக் கொண்டாரல. வாயால சொன்னா எடுத்துக்கிருவீகளா?"

"சொல்லுங்கம்மா" என்றேன். கருணையான தடவை.

"திருச்சுழி ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்க ஊரு. காலையில டவுன் பஸ்ஸு ஊருக்குள்ள வந்து போகும். தண்ணிக் குழாய் பதிக்க ரோட்டத் தோண்டுனாக, பஸ்ஸ நிப்பாட்டிட்டாக. ரோட்டத் திரும்பப் போட்டும் முடிஞ்சிருச்சு, பஸ்ஸு மட்டும் வரல. மெயின் ரோட்டோட போயிருது. என் மக பன்னெண்டாவது படிக்கிறா. கருவக்காட்டு வழியா ஒத்தையில நடந்து போயி ஏறணும். இவுக" — பின்னால் நின்ற கணவரைக் காட்டினார் — "படிச்சது போதும், மில்லு வேலைக்குப் போகட்டுங்கிறாக."

"பின்ன என்னங்கய்யா?" என்றார் கணவர். "வயசுப் பிள்ள. காட்டு வழியா எப்படி அனுப்புறது? மில்லு வேனு வெடியக்காலம் வீட்டு வாசல்ல வந்து ஆரன் அடிக்கிது. ஏறுனா போதும்."

"வேனு வாசலுக்கு வருதுன்னு வேலைக்கு அனுப்புவாகளா? ஒரு வருசந்தான இருக்கு?" என்று அவர் கணவரைப் பார்த்துத் திரும்பினார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

நான் சொக்கிப்போனேன். எங்கள் வகுப்புக் கிழவரால் எத்தனை வாரம் இருமினாலும் இப்படிக் கண்ணீர் கொண்டுவர முடியாது. கடினமான மனுதாரருக்கு நானும் ஈடுகொடுக்க வேண்டாமா? நாற்காலியை விட்டு எழுந்தேன். ஊக்கு குத்தியது. பொருட்படுத்தவில்லை.

"அம்மா, உங்க மக படிப்பு நிக்காது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி பஸ்ஸு உங்க ஊருக்குள்ள வரும். அதுவரைக்கும் மில்லு பேச்சை யாரும் எடுக்கக் கூடாது" என்று கணவரைப் பார்த்து விரலை ஆட்டினேன். பொதுமக்கள் கைதட்டினார்கள். தாசில்தார் என் வாக்கை அடிபிசகாமல் எழுதிக்கொண்டான். கணவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். அவருடைய செல் நம்பரைக்கூட வாங்கி, என் நம்பரையும் கொடுத்தேன். எதிரே பஸ் வர, இரண்டு பேரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள்.

இயக்குநர் வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தார். "தேதி சொன்னாயா?"

"அரையாண்டுன்னு ஒரு உணர்ச்சியில வந்திருச்சு சார். ஆனா நீங்க ஏற்பாடு செஞ்ச அம்மா நடிப்பு பிரமாதம். எந்த ஊரு சார்?"

"நான் எந்த அம்மாவையும் ஏற்பாடு செய்யவில்லை. நம் வாட்ச்மேனிடம்தான் சொல்லியிருந்தேன். அவன் பக்கத்துக் கோயிலில் ஏதோ காதுகுத்து என்று காலையிலேயே போய்விட்டான்."

பட்டுச்சேலையும் பூவும் தாம்பூலப் பையும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அந்தக் காதுகுத்திலிருந்துதான் அவர்களும் வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

அவசரக் கூட்டம் போட்டோம். ஒருவன், இதை உரிய அலுவலருக்கு அனுப்பலாம் என்றான். இந்த ஊரில் உரிய அலுவலர் நாம்தானேடா என்றான் இன்னொருவன். என் தாசில்தார் காதோரம் குனிந்தான்.

"ஏலே, இது ஆள்மாறாட்டம்லே. போன மாசந்தான் பாடம் நடத்துனாரு. உள்ள தூக்கி வச்சிருவாக."

"நான் கலெக்டருன்னு ஒரு தடவகூடச் சொல்லலியே."

"இல்லன்னு சொன்னியா?"

இயக்குநருக்கு ஊராரை ஏமாற்றியது பற்றி ஒன்றுமில்லை, தேதி சொன்னதில்தான் தாங்க முடியாத வருத்தம். "உண்மையை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா. எழுத்தில் எதுவும் கொடுத்துவிடாதே" என்று அனுமதி அளித்தார்.

மறுநாள், பஸ் நின்றுபோன ஊர் எது என்று விசாரித்துக்கொண்டு அப்பாவின் மொபெட்டில் போனேன். அந்தப் பெண்மணி வீட்டு வாசலில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கணவர் காட்டுக்கு உழவு பார்க்கப் போயிருந்தார். வரும் வழியெல்லாம் உருப்போட்டு வந்த முன்னுரையைத் தொடங்கினேன். வத்தல் நெடி மூக்கில் ஏறியது. முன்னுரை முழுவதும் தும்மலாகப் போனது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நான் கலெக்டர் இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றார், காம்பைக் கிள்ளிக்கொண்டே.

"எப்பத் தெரியும்?"

"பஸ்ஸுல ஏறுன ஒடனேயே கண்டக்டரு கேட்டாரு. 'நீங்க போயி மனுக் குடுத்துட்டீகளாக்கும்? அதுக நம்ம பஸ்ஸுல வர்ற காலேசுப் பயலுக, வெயாழக்கெழமையானா உள்ளுக்குள்ள இப்படித்தான் வெளையாடுமுக'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"மன்னிச்சிருங்கக்கா. அண்ணன்கிட்டயும் நான் சொல்லிட்டு..."

கிள்ளுகிற கை நின்றது. "யாருகிட்டச் சொல்லப் போற? அவுக பின் படிக்கட்டுல நின்னுட்டு வந்தாக. ஒண்ணும் கேக்கல. கலெக்டரு வெரலக் காட்டி மெரட்டிட்டாருன்னு ராத்திரி பூரா அதே பேச்சு. வேன்காரன்கிட்ட, அரையாண்டு கழிச்சு வான்னு சொல்லி விட்டாச்சு. இப்பப் போயி நீ இல்லன்னு சொன்னா, நாளைக்குக் காலையில எம் பிள்ள வேன்ல இருக்கும். வாய மூடிக்கிட்டு அரையாண்டு வரைக்கும் கலெக்டராவே இரு தம்பி."

ஆக, நாடே போட்டி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதும் பதவிக்கு, மிளகாய் வத்தலுக்கு முன்னால் வைத்து எனக்கு நியமன ஆணை வழங்கப்பட்டது. மகளை யார் துணைக்குப் போய் மெயின் ரோட்டில் விடுவது என்று கேட்டேன். "நாந்தான். போயிட்டு வந்துதான் காட்டு வேலைக்குப் போறேன். மழ பெய்ய ஆரம்பிச்சு வெதப்பு வந்துட்டா அதுவும் முடியாது. பஸ்ஸு வரணும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவரை விருதுநகருக்கு, நிஜக் கலெக்டரிடம் கூட்டிப்போனேன். மனுவை நானே எழுதினேன். முதுகலை அல்லவா? பொருள், பார்வை, முன்னுரை, பிரச்சினையின் பன்முகப் பரிமாணங்கள், பரிந்துரைகள் என்று பக்கம் பக்கமாக ஓடியது. வாசலில் போலீஸ்காரர் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். யாராவது மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டுவிடக் கூடாது என்று எல்லாருக்கும் செய்யும் சோதனை. அக்காவை விட்டுவிட்டார். என்னை மட்டும் இரண்டாவது தடவையும் முகர்ந்தார். பரிமாணங்கள் இருந்த உறையையும் உதறிப் பார்த்தார்.

எங்கள் முறை வந்தது. நான் தொண்டையைச் செருமி, "மரியாதைக்குரிய ஐயா, கிராமப்புறப் போக்குவரத்து இணைப்பு என்பது" என்று ஆரம்பித்தேன். கலெக்டர் என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்து, "என்னம்மா?" என்றார். பந்தலடியில் சொன்னதையே அக்கா சொன்னார், கண்ணீர் மட்டும் இல்லாமல். கலெக்டர் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்து மேசையிலிருந்த போக்குவரத்து அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, "பார்க்கச் சொல்றேன்" என்றார். தேதி சொல்லவில்லை. எங்கள் இயக்குநரின் மாணவராகக்கூட இருந்திருக்கலாம்.

போக்குவரத்து அதிகாரி, ரோடு பஸ் போகும் நிலையில் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து எழுதி வந்தால் விடலாம் என்றார். திருச்சுழி ஒன்றிய அலுவலகத்தில், டெப்போவிலிருந்து கேட்டால் எழுதுவோம் என்றார்கள். அருப்புக்கோட்டை டெப்போவில், அவர்கள் எழுதினால்தானே நாங்கள் கேட்க முடியும் என்றார்கள். இதற்குத் 'துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு' என்று பெயர். அதில் நான் வகுப்பில் முதல் மதிப்பெண். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "நீங்க யாரு தம்பி?"

"பொது நிர்வாகம் படிக்கிறேன் சார்."

"அது படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று ஒன்றிய அலுவலகத்தில் ஒருவர் நிஜமான அக்கறையோடு கேட்டார். "எங்களுக்கும் அதேதான் சார் தெரியல" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ரோட்டைப் பார்க்கப் பொறியாளரை அனுப்ப வைக்கிறேன் என்றும் சொன்னார். பாடத்திட்டத்தில் எங்குமே டீ இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. பொறியாளர் வரவில்லை. வயலில் விதைப்பு தொடங்கியது. ஒருநாள் சாயங்காலம் அப்பாவின் கடையில் நான் பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்காதான். குரல் தணிந்திருந்தது. "இவுக பேசணுங்கிறாக. ரெண்டு நாளா நானும் வெதப்புக்குப் போயிட்டேன், பிள்ள பள்ளிக்கொடம் போகல. வேன்காரன் திரும்பவும் வந்துட்டுப் போறான். பாத்துப் பேசுங்க." உடனே கணவர் குரல்.

"ஐயா, அரையாண்டு வரப் போகுது. பஸ்ஸு வரலீங்களே? நாளைக்கு வேன்ல அனுப்பிரட்டுமா?"

நான் தராசைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன். "அனுப்பக் கூடாது. பரிசீலனையில் உள்ளது" என்றேன். கண்டிப்பான தடவை.

அதே நேரம் கடை வாசலில் ஒரு வாடிக்கையாளர், "ஏய் தம்பி, மாடு அங்க கத்துது, நீ போன்ல என்ன கொஞ்சிக்கிட்டிருக்க!" என்று சத்தம் போட்டார். உள்ளேயிருந்து அப்பா, "ஏலே, புண்ணாக்க எங்க வச்சுத் தொலச்ச?" என்றார்.

"அங்க என்னங்கய்யா சத்தம்?" என்றார் கணவர்.

"கால்நடைத் துறைக் கூட்டம் நடக்குது" என்றேன்.

"சரிங்கய்யா. அதையும் பாருங்க. அரையாண்டு வரைக்கும் பொறுக்கிறேன். மறுநாள் பொறுக்க மாட்டேன். எனக்கும் எம் பிள்ளதான், காட்டுல வச்சு எதுவும் ஆயிருச்சுன்னா யாருகிட்ட மனுக் குடுக்குறது?" என்று வைத்துவிட்டார்.

அதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. கருணையாகவும் இல்லை, கண்டிப்பாகவும் இல்லை. மறுநாளிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகம், மத்தியானம் டெப்போ. டீ வாங்கிக் கொடுத்தவரைப் பார்த்தால் அவரே எழுந்து வேறு பக்கம் போகிற அளவுக்குப் போனேன். கடைசியில் என் தொல்லை தாங்காமலோ, கலெக்டர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தோ, பொறியாளர் ஒருநாள் மழைவிட்ட நேரத்தில் வந்து ரோட்டில் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நல்ல ரோடுதான் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அரையாண்டுக்கு முந்தின வாரம் பஸ் ஊருக்குள் வந்தது.

யாரால் வந்தது என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. தங்கள் முயற்சியால்தான் என்று ஒரு கட்சிக்காரர் ஊர் முகப்பில் பிளக்ஸ் வைத்தார். அவருக்கு எதிர்க்கட்சிக்காரர் எதிரே இன்னும் பெரிதாக வைத்தார். இயக்குநர் இதைக் கல்லூரியின் களப்பணிச் சாதனையாக ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார். எனக்கோ வருகைப்பதிவு போதவில்லை என்று குறிப்பாணை கொடுத்தார். அப்பா மட்டும், "ஜீப்பு கேட்டான், பஸ்ஸு வந்திருக்கு" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

முதல்நாள் காலையில் நானும் போனேன். அருப்புக்கோட்டையில் ஏறி, அந்த ஊருக்குள் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. மாலை, மரியாதை எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் பொய். சட்டையைப் புதிதாகத் தேய்த்துப் போட்டிருந்தேன். பஸ் ஊருக்குள் திரும்பி நின்றது. கணவர் ஜன்னலில் என்னைப் பார்த்துப் பதறிப்போய்த் துண்டை இடுப்பில் கட்டினார்.

"ஐயா, நீங்களேவா! டவுன் பஸ்ஸுல வாரீக?" என்றவர், பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "எளிமையான ஆளு. நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. மகளை முதுகில் தட்டி ஏற்றிவிட்டார்.

இரட்டைப் பின்னலும் தோளில் புத்தகப் பையுமாக அந்தப் பெண் படியேறி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளை நான் அன்றுதான் பார்க்கிறேன். என் வாழ்க்கையிலேயே நான் நிர்வகித்த ஒரே காரியம் கண்ணெதிரே நிற்கிறது. பேசாமல் இருக்க முடியுமா? ஒன்றிய அலுவலகத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தேன், டெப்போவில் யார் யாரிடம் மல்லுக்கட்டினேன், ஒருங்கிணைப்பு என்றால் என்ன, விடாமுயற்சி என்றால் என்ன என்று மெயின் ரோடு வருகிறவரைக்கும் சொன்னேன். கடைசியில், "நீயும் நல்லாப் படிச்சு என்னை மாதிரி பொது நிர்வாகம் எடுக்கணும், என்னம்மா?" என்றேன்.

"எந்திரிங்கண்ணே, இது லேடீஸ் சீட்டு."